பூசி விற்ற வீடு

என் வீட்டுக்காரர் பத்திரம் எழுதுகிறவர். சங்கரன்கோவில் பத்திரப்பதிவு ஆபீசுக்கு எதிரே ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, ஒரு மைக்கூடு. இருபத்திரண்டு வருஷமாக அதுதான் அவர் உலகம். கோமதிநாயகம் எழுதினால் பத்திரத்தில் ஒரு புள்ளி பிசகாது என்று ஊரில் பேர். பாதிப் பேருடைய வீடு அவர் கையெழுத்தில்தான் இருக்கிறது. எங்களுக்கு மட்டும் வீடு கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து பதினோரு வாடகை வீடு மாறியிருக்கிறோம். அம்மிக்கல்லை ஏற்றி இறக்கி என் இடுப்பு போனதுதான் மிச்சம்.

என் பெயர் ஞானபூரணம். எனக்கு வாய் நீளம் என்று சொல்லுவார்கள். சொல்லட்டும். இந்த விஷயத்தில் என் வாய் சும்மா இருந்த நேரத்தில்தான் தப்பு நடந்தது.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆனி மாதம் கோவில்பட்டியிலிருந்து ஒரு கார்டு வந்தது. எங்கள் ஒரே மகள் ஆறுமுகத்தாயை அங்கேதான் கொடுத்திருக்கிறோம். கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து உண்டாகியிருக்கிறாள், தை மாதம் பேறுகாலம் என்று மருமகன் எழுதியிருந்தார். நான் ஒரு கை சீனியை அள்ளிக்கொண்டு, குடியிருந்த வீட்டின் சொந்தக்காரியிடம் ஓடினேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே. அந்த அம்மாள் சீனியை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். சந்தோஷம், ஆனால் பேறுகாலத்தை இங்கே வைக்கக் கூடாது, இது பூசை நடக்கிற வீடு, தீட்டு ஆகாது என்றாள். என் சீனி அவள் வாயில் கரைவதற்குள் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியில் பெற்றாலும் பச்சைப்பிள்ளையோடு இங்கே வரக்கூடாது என்று அதையும் சேர்த்துச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதேன். பிறகு ராயகிரி நிலத்தை விற்றுவிடலாம் என்று இவரிடம் சொன்னேன். அது என் அப்பா எனக்குச் சீதனமாகக் கொடுத்த அரைக்கோட்டை நெல் விதைக்கிற அளவு நஞ்சை. அதைத் தவிர என் பெயரில் இந்த உலகத்தில் ஒன்றும் கிடையாது. இவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். நான் விடவில்லை. கார்த்திகைக்குள் ஒரு வீடு வேண்டும், என் மகள் அதில் பிள்ளை பெற வேண்டும், யாரும் தீட்டு என்று சொல்லக் கூடாது. வேறு ஆசை எனக்கு அப்போது இல்லை.

விற்ற காசுக்கு ஊரில் இரண்டு வீடு வந்தது.

முதல் வீடு ஆமினாளுடையது. அவள் வீட்டுக்காரர் துபாயிலிருந்து திரும்பிவந்து கடையநல்லூரில் கடை போட்டுவிட்டார். அதனால் இங்கே உள்ள வீட்டைக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு போகிறார்கள். உள்ளே போனால் எனக்கு முகம் சுளித்துவிட்டது. பழைய சுண்ணாம்புச் சுவரில் அங்கங்கே சாம்பல் நிறத்தில் சிமெண்டுப் பூச்சு. நாலு உத்திரத்தில் மூன்று கறுத்துக் கிடக்கிறது, ஒன்று மட்டும் புதுசு, அதற்கு வார்னிஷ்கூடக் கிடையாது. கிழிந்த சேலைக்கு ஒட்டுப் போட்டது மாதிரி இருந்தது வீடு. அது போதாது என்று ஆமினாள் கூடவே நடந்து வந்து, இங்கே எழுபத்திரண்டில் ஒழுகியது, இப்படி மாற்றினோம், அந்த மூலையில் அடைமழைக்கு இன்னும் ஈரம் ஊறும், அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். விற்கிறவள் வாயாலேயே இவ்வளவு குறை வந்தால் சொல்லாமல் வைத்திருப்பது எவ்வளவு இருக்குமோ என்று நான் கணக்குப் போட்டேன். வெளியே வந்ததும் இவரிடம் சொல்லிச் சிரித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டாவது வீடு பொன்னுச்சாமியுடையது. பொன்னுச்சாமிக்கு வீடுதான் வியாபாரம். அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினைச் சண்டை வந்து, வந்த விலைக்குப் போகட்டும் என்று விடுகிற பழைய வீடாகப் பார்த்து வாங்குவார். நாற்பது நாள் வேலை நடக்கும். சுவருக்கு ரோஸ் நிற டிஸ்டெம்பர், தரைக்குச் சிவப்பு ஆக்சைடு, உத்திரத்துக்கும் கதவுக்கும் பச்சை எனாமல். மழைக்காலத்துக்கு முன்னால் விற்றுவிடுவார். மழைக்கு முன்னால் ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. வீடு கல்யாணப் பெண் மாதிரி நின்றது. நிலைக்கண்ணாடி மாதிரித் தரை. என் முகம் அதில் தெரிந்தது, பல்லைக் காட்டிக்கொண்டு.

அப்போதும் எனக்கு ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. இவ்வளவு பழைய வீட்டில் ஒரு விரிசல்கூட இல்லையே என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பொன்னுச்சாமி எங்களை அரங்குக்குள் கூட்டிக்கொண்டு போனார். அரங்கு என்றால் உள்ளே இருட்டாக இருக்கிற நடு அறை. நெல், பாத்திரம் எல்லாம் அங்கேதான் இருக்கும், பேறுகாலமும் அங்கேதான் பார்ப்பார்கள். அதன் மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு புற்று. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செவ்வரளி சாத்தியிருந்தது.

வேறு ஊராக இருந்தால் கரையான் என்று சொல்லி மண்வெட்டியைத் தேடியிருப்பார்கள். சங்கரன்கோவிலில் பிறந்தவளுக்கு அப்படித் தோன்றுமா? எங்கள் கோவிலில் கொடுக்கிற பிரசாதமே புற்றுமண். வயிற்றுவலி வந்தால் கரைத்துக் குடிப்போம், சொறி வந்தால் பூசிக்கொள்வோம். புற்று என்றால் எங்களுக்குக் கோமதியம்மன். மகள் பிள்ளை பெறப்போகிற அறையில் அம்மன் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறாள். நான் அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். "அம்மாவே இருக்கா. இனி நான் என்னத்தப் பாக்க?" என்று என் வாயாலேயே சொன்னேன். பொன்னுச்சாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். எல்லா இடத்தையும் பூசின மனுஷன் அதை மட்டும் ஏன் விட்டுவைத்தார் என்று நான் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரராவது பார்த்தாரா? அவர் பார்த்தது பத்திரத்தை. மூலப்பத்திரம், தீர்வை ரசீது, முப்பது வருஷத்து வில்லங்கம் எல்லாவற்றையும் எழுத்தெழுத்தாகப் பார்த்தார். ஒரு குறை இல்லை என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். முப்பது வருஷத்து வில்லங்கம் பார்த்தவர் வீட்டுக்குள் முப்பது நிமிஷம் நிற்கவில்லை. கிரயப்பத்திரத்தை அவரே தன் கைப்பட, முத்து முத்தாக எழுதினார். ஆவணியில் பதிவு முடிந்து பால் காய்ச்சினோம். எனக்கு நாற்பத்தாறு வயது. சொந்த வாசலில் அன்றைக்குத்தான் முதல் கோலம் போட்டேன்.

ஐப்பசியில் மழை விழுந்தது. இரண்டாம் நாள் டிஸ்டெம்பர் அப்பளம் மாதிரி உப்பியது. நாலாம் நாள் உரிந்தது. புதுப் பூச்சுக்கு இதெல்லாம் சகஜம் என்று இவர் சொன்னார், நானும் நம்பினேன். அந்த வாரம் இவர் ஒரு பழைய சீலிங் ஃபேன் வாங்கிவந்தார். மகள் வேர்த்துப் புழுங்கக் கூடாதாம். ஏணி போட்டு ஏறி, அரங்கு உத்திரத்தில் கொக்கியை வைத்துத் திருகினார். திருகவே வேண்டியிருக்கவில்லை. வெந்த சேனைக்கிழங்கில் கத்தி இறங்குகிற மாதிரி கொக்கி உள்ளே போனது. இழுத்தார், கையோடு வந்தது. கூடவே இரண்டு படி மண் அவர் தலையில் கொட்டியது. மேலே பார்த்தால் பச்சை எனாமலுக்கு உள்ளே மரம் இல்லை. வெறும் கரையான் மண். பெயிண்டு ஒன்றுதான் உத்திரமாக நின்றுகொண்டிருந்தது.

ஒய்யாரக் கொண்டையில் தாழம்பூவாம், உள்ளே இருப்பது ஈரும் பேனுமாம். அப்போதுதான் எனக்கு அந்தப் புற்று புரிந்தது. அது தரையிலிருந்து கிளம்பி, சுவருக்குள்ளேயே ஏறி, உத்திரம் உத்திரமாகத் தின்றுகொண்டு போயிருக்கிறது. அதற்கு நான் இரண்டு மாதமாக வெள்ளிக்கிழமை தவறாமல் பால் ஊற்றியிருக்கிறேன்.

நேரே பொன்னுச்சாமி வீட்டுக்குப் போனோம். வழி முழுக்க நான் திட்டிக்கொண்டே போனேன். அவர் கோபப்படவே இல்லை. எங்களை உட்காரச் சொல்லி, காப்பி கொண்டுவரச் சொன்னார்.

"அண்ணாச்சி, நான் ஒண்ணும் எழுதலயே. நீங்க கைப்பட எழுதின பத்திரம். 'நேரில் பார்வையிட்டுத் திருப்தியடைந்து, உள்ளது உள்ளபடி கிரயம் பெற்றுக்கொண்டேன்'னு போட்டுருக்கிய. இப்பத் திருப்தி இல்லன்னா அதுக்கு நான் என்ன செய்ய?"

ஆயிரம் பேருக்கு இவர் அந்த வரியை எழுதியிருக்கிறார். பழக்கத்தில் தனக்கும் எழுதிக்கொண்டார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், இவர் தானே எண்ணெய் ஊற்றி, தானே சறுக்கி விழுந்தார்.

பிறகுதான் பொன்னுச்சாமி நாற்காலியை எங்கள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, நல்ல மனுஷன் மாதிரி ஒரு வழி சொன்னார். குருவிகுளத்துப் பக்கம் ஒரு குடும்பம் வீடு தேடுகிறது, ஆடு விற்ற பணம் ரொக்கமாக வைத்திருக்கிறார்கள், பத்து நாளில் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். அதற்குள் சுவருக்கு இன்னொரு கை டிஸ்டெம்பர், உத்திரத்து ஓட்டையை மக்குப் பசை வைத்து அடைத்து மேலே பெயிண்டு. நீங்கள் போட்ட பணம் அப்படியே உங்களுக்கு வந்துவிடும். "மதினி, அந்த வீடு என்னிக்காவது ஒருத்தன் தலையில விழத்தான் செய்யும். அது ஏன் உங்க தலையா இருக்கணும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

அன்றைக்கு நான் காறித் துப்பிவிட்டு வந்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி நடக்கவில்லை. நான் அவர் கொடுத்த காப்பியைக் குடித்தேன். வீட்டுக்கு வந்து ஐந்தாறு நாள் சுவரைச் சுரண்டினேன், பூசினேன். மக்கு வைத்தது இவர். பச்சை பெயிண்டு அடித்தது நான். மகளுக்கு ஆறாம் மாதம், போன பணம் வந்தால் வேறு வீடு பார்க்கலாம், அந்த ஒரு நினைப்பைத் தவிர மண்டையில் வேறு எதுவும் ஏறவில்லை. புற்றுக்குப் புது மஞ்சள் பூசியதும் நான்தான். இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு நாக்குக் கூசுகிறது.

குருவிகுளத்தார் வந்தார்கள். புருஷன் மருதப்பன், பேசாத மனிதர், வாசலிலேயே நின்றுகொண்டார். வீடு பார்க்க வந்தது அவர் பெண்டாட்டி பேச்சிதான். முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு பெண்பிள்ளைகள், ஊரில் எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளைகளை இங்கே பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று கிடை ஆட்டில் பாதிக்கு மேல் விற்றுவிட்டார்கள் என்று பொன்னுச்சாமி என் காதில் சொன்னார்.

பேச்சி என்னை மாதிரி ஏமாளி இல்லை. டிஸ்டெம்பரைப் பார்க்கவே இல்லை. சுவரில் கையை வைத்துத் தட்டித் தட்டிக் கேட்டாள். மூக்கை உறிஞ்சினாள்.

"பெயிண்ட் வாடை இன்னும் போகலயே. சந்தைக்கு வாற ஆட்டுக்கு எண்ணெய் தேச்சுக் கொண்டாருவாவ. மினுமினுப்பா இருந்தாத்தான் நான் வயித்தத் தடவிப் பாப்பேன்" என்றாள்.

எப்போது வாங்கினீர்கள், இவ்வளவு சீக்கிரம் ஏன் விற்கிறீர்கள் என்று என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். பொன்னுச்சாமி முந்திக்கொண்டு, மகள் ஊருக்கே போகிறார்கள் என்று சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. யோசித்துச் சொல்லுகிறோம் என்று முந்தானையை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டாள். எனக்கு ஒரு பக்கம் பணம் போச்சே என்று இருந்தது, ஒரு பக்கம் அப்பாடா என்று இருந்தது. அப்போதுதான் பொன்னுச்சாமி, அரங்கைப் பார்க்கவில்லையே தாயி என்றார். கூட்டிக்கொண்டு போனார்.

புற்றைப் பார்த்ததும் பேச்சியின் முகமே மாறிவிட்டது. அவள் அம்மனுடைய ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் நடந்தே வந்து கும்பிடுகிறவளாம். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. நான் விழுந்த அதே இடத்தில் விழுந்தாள். எழுந்திருக்காமலே மடியை அவிழ்த்து, துணியில் முடிந்திருந்த பணத்தை எடுத்துப் புற்றுக்கு முன்னால் வைத்தாள்.

"அம்மாவே குடியிருக்கா. இதுக்கு மேல நான் என்னத்தப் பாக்க?"

பணம் அங்கே இருந்தது. என் நஞ்சை அங்கே இருந்தது. குனிந்து எடுத்தால் போதும். பொன்னுச்சாமி எனக்குக் கண்ணைக் காட்டினார். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கீழே கிடக்கிறவள் பேச்சியாகத் தெரியவில்லை. ஆடி மாதம் நான் கிடந்த கிடை அது. பின்னால் நின்று பொன்னுச்சாமி எப்படி என்னைப் பார்த்திருப்பார் என்பது எனக்கு அந்த நிமிஷம் தெரிந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பொன்னுச்சாமி மேல் பாதி, என் மேல் பாதி.

"எந்திரி தாயி," என்றேன். "அந்தப் பணத்த எடுத்து மடியில வையி. அது அம்மன் இல்ல. கரையான்."

பொன்னுச்சாமி, மதினிக்கு உடம்பு சரியில்லை என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். சொல்லால் ஆகாது என்று எனக்குத் தெரிந்துபோனது. மூலையில் உலக்கை சாத்தியிருந்தது. எடுத்து, பூண் முனையால் மேலே உத்திரத்தில் ஓங்கிக் குத்தினேன். ஒரே குத்து. நான் அடித்த பச்சை பெயிண்டு, இவர் வைத்த மக்கு, கரையான், மண் எல்லாம் எங்கள் நாலு பேர் தலையிலும் கொட்டியது. மேலே செங்கல் ஒன்று ஆடியது. பேச்சி பணத்தை வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

அவள் எனக்குக் கும்பிடு போட்டாள் என்று நினைக்காதீர்கள். வாசலில் நின்று தலையைத் தட்டிக்கொண்டே என்னை ஏசினாள். கேட்டபோது தலையை ஆட்டினாயே, பெண்பிள்ளைகளை இதற்குள் படுக்க வைத்திருப்பேனே, நீயும் பிள்ளை பெற்றவள்தானே என்று கேட்டாள். அவள் கேட்டதில் ஒரு சொல் தப்பில்லை. நான் வாங்கிக்கொண்டேன்.

"எம்மவளப் பேறுகாலத்துக்குக் கூட்டிட்டு வரத்தான் வாங்குனேன்," என்றேன். "அவளக் கொண்டாந்து இங்கன படுக்கப் போட எனக்குத் துணிச்சல் இல்ல. ஓம் பிள்ளையள மட்டும் போடலாம்னு நெனச்சேன் பாத்தியா, அது எம் புத்தி. நீ விழுந்து கும்புட்டதத்தான் என்னால தாங்க முடியல."

பேச்சி ஏசுவதை நிறுத்தினாள். பொன்னுச்சாமி எப்போது போனார் என்று தெரியாது. என் வீட்டுக்காரர் தலையெல்லாம் மண்ணோடு வாசல் படியில் உட்கார்ந்து, இனி என்ன செய்யப் போகிறோம் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஆனால் நெஞ்சில் இருந்த கல் இறங்கியிருந்தது. அது மட்டும் உண்மை.

கொஞ்ச நேரம் கழித்து பேச்சி, இந்த ஊரில் யோக்கியமான வீடு ஒன்றும் கிடையாதா என்று எரிச்சலோடு கேட்டாள். எனக்கு ஆமினாள் ஞாபகம் வந்தது. அந்த வீட்டை என்னை மாதிரியே வந்து வந்து பார்த்து, முகம் சுளித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். இன்னும் விற்கவில்லை. நானே பேச்சியைக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஆமினாள் அன்றைக்கு எனக்குச் சொன்ன அதே பல்லவியை அவளுக்கும் சொன்னாள். இது ஒழுகியது, இது மாற்றியது, இந்த மூலையில் ஈரம். பேச்சி அவளிடம் ஒரு கம்பி வாங்கிப் புது உத்திரத்தைக் குத்திப் பார்த்தாள், பழையதையும் குத்தினாள். கம்பி இறங்கவில்லை. ஒட்டுப் போட்ட இடங்களைக் காட்டி, ஒரு வெள்ளை அடித்திருந்தால் எப்போதோ விற்றிருக்குமே என்று கேட்டாள்.

"எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ," என்றாள் ஆமினாள். "அடிச்சுட்டா எங்கன ஒழுகுச்சு, எங்கன மாத்துனோம்னு வாங்குறவுகளுக்கு எப்படித் தெரியும்? நாளைக்குத் திரும்ப ஒழுகுச்சுன்னா அவுக எந்த எடத்தப் போய்ப் பாப்பாவ? நாங்க குடியிருக்கத்தான் சரி பண்ணுனோம், விக்கதுக்கு இல்ல."

இதே பேச்சைத்தான் ஆடி மாதம் நான் கேட்டுச் சிரித்தேன். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. குடியிருக்கச் சரி பண்ணுகிறவன் உத்திரத்தில் ஆரம்பிப்பான். விற்கச் சரி பண்ணுகிறவன் பெயிண்டில் ஆரம்பிப்பான். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு அரைக்கோட்டை நஞ்சை செலவாகியிருக்கிறது.

பேச்சி அந்த வீட்டை முடித்தாள். பத்திரம் எழுதியது என் வீட்டுக்காரர்தான். எழுதுமுன் பேச்சியை உட்காரவைத்து, எந்த மூலையில் ஈரம் வரும் என்று ஆமினாள் சொன்னாளோ அதையும் பத்திரத்தில் ஒரு வரியாகச் சேர்த்தார். அப்படி ஒரு பத்திரத்தைத் தான் பார்த்ததே இல்லை என்று பதிவு ஆபீஸ் குமாஸ்தா சிரித்தாராம். பொன்னுச்சாமி அதற்குப் பிறகு இவரிடம் எழுத வருவதில்லை. நல்லதாகப் போயிற்று.

பதிவு முடிந்து போகும்போது ஆமினாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் அதே கம்பி. உச்சி முதல் அஸ்திவாரக் கடைக்கால் வரை ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்த்தாள். சுவர் நல்ல கருங்கல் சுவர், கடைக்கால் கெட்டி, கெட்டது மேலே மட்டும்தான், உத்திரத்து மேல் தளமாகக் கிடக்கிற மட்டப்பாவை இறக்கிவிட்டு ஓடு போடுங்கள் என்றாள். அழுதுகொண்டிருந்த வீட்டில் முதல் நல்ல சொல் அது. ஓட்டுக்கும் கொத்தனாருக்கும் பணம் வேண்டுமே, நான் கழுத்துச் சங்கிலியைக் கழற்றினேன்.

மரத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது பேச்சியே வந்து நின்றாள். ஊரில் சொந்தமாக வீடு கட்ட வேண்டும் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் வைரம் பாய்ந்த பனையாக ஐந்து வெட்டி, அறுத்துக் காயப் போட்டிருக்கிறார்கள். இனி அவர்களுக்கு அது வேண்டாம். கரையான் கடித்தால் கரையானுக்குத்தான் பல் போகும் என்றாள். சும்மா கொடுத்தாள் என்று நினைக்காதீர்கள். வாசலில் நின்று ஒரு மணி நேரம் பேரம் பேசினாள், ஐந்து ரூபாய் குறைக்கவில்லை. ஆனால் மருதப்பன் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, இரண்டு நாள் கொத்தனாரோடு நின்று தூக்கிக் கொடுத்தார். அதற்குக் கூலி கேட்டாளா என்றால் கேட்கவில்லை.

புற்றை என்ன செய்வது என்பதுதான் எனக்குப் பெரிய பயம். கொத்தனார் கை வைக்க மாட்டேன் என்றுவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, நானே கடப்பாரையை எடுத்தேன். மண் முழுவதையும் கூடையில் அள்ளித் தலையில் வைத்து, கோவில் நந்தவனத்து ஓரத்தில் கொண்டுபோய்க் கொட்டினேன். தாயே, இது உன் வீடு, நீ இங்கே இரு, அது என் வீடு, நான் அங்கே இருந்துகொள்கிறேன் என்று சொன்னேன். பூக்கட்டுகிறவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அம்மன் கோபித்துக்கொண்டதாக இதுவரை தெரியவில்லை.

பதினெட்டு நாளில் ஓடு ஏறியது. வெள்ளையடிக்கப் பணமும் இல்லை, மனசும் இல்லை. கார்த்திகைக் கடைசியில் சம்பந்தியம்மாள் மகளைக் கொண்டுவந்து விட்டாள். வண்டியிலிருந்து இறங்கியதும் அண்ணாந்து ஓட்டைத் தாங்குகிற பனங்கையையும், சுவரில் ஒட்டுப் போட்ட சிமெண்டையும் பார்த்துவிட்டு, புது வீடு வாங்கினதாகச் சொன்னீர்களே என்று இழுத்தாள். இதுதான் மதினி அது என்றேன். இது ஒழுகிய இடம், இது மாற்றிய இடம் என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவளுக்குக் காது வலித்திருக்கும்.

தை பன்னிரண்டு. மத்தியானம் வலி எடுத்தது. நர்சம்மா வந்துவிட்டாள். பேச்சி வெந்நீர் வைத்துக்கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருமே என்று போனாள். அரங்கில் ஆறுமுகத்தாய் பாயில் கிடந்தாள். வலி வந்து வந்து போகிறது, அவள் முகம் கோணுகிறது, பல்லால் உதட்டைக் கடித்துக்கொள்கிறாள், சத்தம் மட்டும் வரவில்லை. உதட்டில் ரத்தம் வந்துவிட்டது. இப்படிக் கல்லாகக் கிடந்தால் எனக்கு எப்படித் தெரியும், முக்கம்மா, சத்தம் போடம்மா என்று நர்சம்மா சலித்துக்கொண்டாள்.

எனக்குத் தெரியும் அது ஏன் என்று. அது என் வளர்ப்பு. ஓடாதே, கீழே சத்தம் கேட்கும். அழாதே, வீட்டுக்காரம்மா தூங்குகிறாள். சிரிக்காதே, காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள். பதினோரு வீட்டிலும் அவள் வாயைப் பொத்திப் பொத்தியே வளர்த்தேன். உயிர் போகிற வலியிலும் அந்தப் பிள்ளை யாருக்கோ பயந்துகொண்டு கிடந்தாள்.

நான் குனிந்து அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"கத்துட்டி மக்கா," என்றேன். "வாய்விட்டுக் கத்து. நம்மள யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. இது நம்ம வீடு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கத்தினாள் பாருங்கள், மூன்றாவது தெருவில் பேச்சி அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.